எண்ணூறு கிராம்

ஜூன் 3, திங்கள்

கலை இயக்குநர் ஞானசேகர் காலை பத்தேகாலுக்குப் பட்டறைக்கு வந்தார். கதாநாயகனின் அரிவாளுக்கு நான் போட்டு வைத்திருந்த பதினோரு படங்களையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, சீட்டுக்கட்டைப் போல ஒன்றாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாமே ஏற்கெனவே நாலு படத்துல வந்ததுதான் எஸ்தர். அவன் அதை ஓங்கினதும் தியேட்டர்ல உக்காந்திருக்கறவன் தன் கழுத்தைத் தடவிப் பாக்கணும்.”

இருபதாம் தேதிக்குள் வடிவம் பிடிபடவில்லை என்றால் ஹைதராபாத்தில் ஒருவரிடம் கொடுத்துவிடுவார்களாம். பிடிபட்டால் படத்தின் தலைப்பில் எனக்கென்று தனி அட்டை: ஆயுத வடிவமைப்பு, எஸ்தர். சினிமாவுக்கு ஆயுதம் செய்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை என் பெயர் திரையில் வந்ததில்லை.

அளவும் தேதியும் குறிக்கத்தான் இந்த நோட்டு. மற்றவையும் இதில் சேர்ந்துவிடுகின்றன.

ஜூன் 4, செவ்வாய்

எழும்பூர் அருங்காட்சியகம். ஆயுதப் பிரிவில் மூன்று மணி நேரம் நின்றேன். வாள், ஈட்டி, கட்டாரி, யானை அங்குசம் என்று இருபத்தாறு படங்கள் வரைந்தேன். காலம், உலோகம், கிடைத்த இடம் எல்லாம் அட்டையில் இருந்தன. நான் பார்த்த எந்த அட்டையிலும் எடை இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். கண்ணாடிக்குள் வாளைப் பார்த்த ஒருவன் இன்னொருவன் முகத்தில் தண்ணீர் பாட்டிலை வீச, மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. டீச்சர் வந்து இருவரையும் அறைந்தார். அடித்தவன் வீசிய விதம் நன்றாக இருந்தது. அவன் முழங்கையை மடக்கவே இல்லை. அதையும் வரைந்துகொண்டேன்.

ஜூன் 8, சனி

ஒரு மருத்துவக் கல்லூரியின் தடயவியல் துறையில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. உதவிப் பேராசிரியர் ஹேமலதா என் தேவாலயத்தில் பாடகர் குழுவில் இருப்பவர், அவர்தான் அழைத்துப் போனார்.

அலமாரி முழுவதும் மண்டை ஓடுகள். ஒவ்வொன்றிலும் எண், ஊர், எந்த ஆயுதம் என்ற விவரம். பதினேழாம் எண்ணில் மூன்று வெட்டுகள். முதல் இரண்டும் மேலோட்டமானவை. மூன்றாவது இடது காதுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் நீளம், ஆழம் உள்ளே வரை.

ஹேமலதா பொறுமையாக விளக்கினார். முன்பாரம் உள்ள கனத்த அரிவாள் எலும்பில் சிக்கிக்கொள்ளும். விழுந்தவன் மேல் காலை வைத்து இழுத்தால்தான் வரும். அப்படி இழுத்ததில் ஏற்பட்ட கீறல் பன்னிரண்டாம் எண்ணில் தெரிந்தது. அலகு மெலிதாக இருந்தால் போன வேகத்தில் வெளியே வந்துவிடும், அடுத்த வெட்டுக்குக் கை உடனே தயாராகிவிடும். அப்படி ஆனதுதான் பதினேழு. அளவெடுக்க ஸ்கேலும் அவரே தந்தார்.

பிறகு கேன்டீனில் தயிர் சாதமும் மாங்காய் ஊறுகாயும். நல்ல பசி. இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். சிலிண்டர் மாற்றினேன். ஒன்றும் வரையவில்லை.

ஜூன் 15, சனி

புதுக்கோட்டை தாண்டி ஒரு சிற்றூர். பழைய ஆயுதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு குடும்பம் தங்கள் வீட்டு முன்கூடத்தில் பத்து நாள் கண்காட்சி நடத்துகிறது. சேர்த்த பெரியவர் திருச்சிக்குப் போயிருந்தார். மருமகள் தெய்வானை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் சாவியை எடுத்துவந்து நாற்பத்திரண்டாம் எண் பெட்டியைத் திறந்துவிட்டார்.

“தூக்கிப் பாருங்க. போன வருசம் தேங்கா உடைக்க எடுத்தேன். மாமா ரெண்டு நாள் என்கிட்டப் பேசல.”

இரண்டடி நீள அரிவாள். முனை மட்டும் பறவை மூக்குப் போல வளைந்தது. பார்வைக்கு ஒன்றும் இல்லை. கையில் எடுத்தபோது தோள் தானாக உயர்ந்தது. அலகு அட்டை போல மெலிது, கனம் முழுவதும் பிடிக்குள் இருந்தது. உள்ளே ஈயம் வார்த்திருக்கிறார்கள் என்றார் தெய்வானை.

“முன்னால கனம் இருந்தா மரம் வெட்டலாம், பின்னால கனம் இருந்தா மனுசன வெட்டலாம்னு மாமா சொல்வாக.” சமையலறைக் கத்தியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஒரு முறை வீசிப் பார்த்தேன். தெய்வானை சிரித்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

எதிரே இருந்த மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மொத்தம் ஒரு கிலோ நூறு. நூலில் தொங்கவிட்டு நடுநிலை பார்த்ததில் அலகு முந்நூறு, பிடி எண்ணூறு கிராம் இருக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது.

பஸ்ஸில் திரும்பும்போது விராலிமலை வருவதற்குள் வடிவம் முடிந்துவிட்டது.

ஜூன் 19, புதன்

இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஹைதராபாத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று ஞானசேகரிடம் சொல்லிவிட்டாராம்.

ஜூலை 2, செவ்வாய்

இந்த வேலையில் ஒரே ஆயுதத்தை இரண்டு விதமாகச் செய்வோம். முகத்துக்கு அருகே படம் எடுக்க எஃகில் ஒன்று, சண்டைக்கு ரப்பரில் சில. எஃகு கனக்கும், ரப்பர் கனக்காது. சண்டைக்காரர்களுக்குப் பார்க்கவே வேண்டியதில்லை, எடுத்தவுடன் கை சொல்லிவிடும்.

கனக்காததை வீசும்போது கனப்பது போல நடிக்கிறார்கள். அது திரையில் தெரிந்துவிடுகிறது. எல்லாப் படத்திலும் சண்டை பொய்யாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று எனக்குப் பல நாளாகத் தோன்றியிருக்கிறது.

முதலில் வழக்கம்போல வெறும் மரப்பிடியில் ரப்பர் இரண்டு செய்தேன். நானூற்று இருபது கிராம். மூலையில் போட்டுவிட்டேன். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கிவந்து, கருவேலம் பிடியைக் குடைந்து உருக்கி ஊற்றினேன். எண்ணூறு கிராம் பிடி மூன்று. ஒன்றில் எஃகு அலகு, முந்நூற்றுப் பத்து. இரண்டில் உள்ளே பிரம்பு வைத்த ரப்பர் அலகு, இருநூற்றுத் தொண்ணூறு. வித்தியாசம் இருபது கிராம்.

கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எது எஃகு என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு முறை தவறாகச் சொன்னேன்.

நல்ல நாள்.

ஜூலை 10, புதன்

டில்லிபாபு ஒத்திகைக்கு வந்தார். கதாநாயகனுக்கு டூப் போடுபவர். வயது நாற்பத்தெட்டு, இருபத்திரண்டு ஆண்டாகக் கண்ணாடி உடைத்தும் மாடியிலிருந்து விழுந்தும் வருகிறார். இந்த அரிவாளைக் கதாநாயகனும் அவரும் மட்டுமே பிடிக்கப் போகிறார்கள். மற்றவர்களுக்கு ஈட்டியும் கம்பும்.

ரப்பரைக் கையில் எடுத்தவுடன் என்னைப் பார்த்தார். “இன்னா எஸ்தரம்மா, பொம்மைக்கு உசுரு வந்துருச்சா?”

மணல் மூட்டையை ஒன்பது முறை வெட்டினார். ஐந்தாவது வெட்டில் மூட்டை கொக்கியிலிருந்து கழன்றது. அதைச் செல்போனில் எடுத்து அனுப்பினேன். அவன் தோளைப் பார், தோள் நடிக்கிறது என்று இயக்குநர் பதில் அனுப்பினார்.

புறப்படும்போது டில்லி வேறு ஏதோ சொன்னார். அதற்குள் ஞானசேகரின் போன் வந்துவிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

திருவள்ளூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் படப்பிடிப்பு. எஃகு விளிம்பில் வெளிச்சம் கோடாக ஓட வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். சாணையில் ஓட்டினேன். கட்டைவிரல் நகத்தில் வைத்தால் நகம் சீவுகிறது.

எஃகின் பிடியில் சிவப்பு டேப் சுற்றுவது எங்கள் வழக்கம். படத்தில் சிவப்பு தெரிகிறது, எடுத்துவிடுங்கள் என்றார் ஒளிப்பதிவாளர். எடுத்தேன். அடையாளத்துக்கு அதற்குப் பதிலாகக் கறுப்பு நூல் கட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

மதியச் சாப்பாட்டு வரிசையில் அடிதடி. கோதண்டன் என்ற சண்டைக்காரர், இருபத்தொன்பது வயது, வியாசர்பாடி. டில்லியின் இடத்துக்கு வர வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே சண்டை மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். வரிசையில் நின்ற டில்லியிடம் உரக்கச் சொன்னார்: “பெருசு, நீ தண்ணி கேன் தூக்கு. டூப்புக்கு நான் போறேன்.”

டில்லி எவர்சில்வர் தட்டின் விளிம்பால் வாயில் அடித்தார். உதடு இரண்டாகப் பிளந்தது. கோதண்டன் விலாவில் உதைக்க, இருவரும் சாம்பார் அண்டாவோடு உருண்டார்கள். பிரித்துவிட ஆறு பேர் தேவைப்பட்டது. “ஒரு நாள் உன்ன வெட்டிப் போடறனா இல்லியா பார்றா” என்று டில்லி கத்தியது வரிசையில் இருந்த அறுபது பேருக்கும் கேட்டது.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஜெனரேட்டர் வேனுக்குப் பின்னால் இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டன் உதட்டில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு இழுத்தார்.

கறுப்பு நூல் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

11.25: கதாநாயகன் எஃகு அரிவாளோடு நிற்கும் முகக் காட்சி முடிந்தது. அவர் அதை ஆயுதங்கள் வைக்கும் பாயில் போட்டுவிட்டு வேனுக்குப் போனார். பாயில் ஏற்கெனவே ஒரு ரப்பர் கிடந்தது. எஃகை எடுத்துப் பெட்டியில் பூட்டுவது என் வேலை. அப்போது நான் இன்னொரு ரப்பரில் உரிந்த பெயின்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

11.38: டில்லி அதே உடையில் வந்து பாயிலிருந்து ஒன்றை எடுத்தார். ஒரு முறை சுழற்றிப் பார்த்தார். தலையாட்டினார்.

11.40: ஆக்‌ஷன். நாலாவது வீச்சு கோதண்டனுக்கு. ரப்பர் தோளில் பட்டு மடங்க வேண்டும், கோதண்டன் சட்டைக்குள் இருக்கும் ரத்தப் பாக்கெட்டை அழுத்த வேண்டும். அரிவாள் கழுத்தின் இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே இறங்கி வெளியே வந்தது. சிக்கவில்லை.

ரத்தம் டில்லியின் முகம் வரை அடித்தது. கோதண்டன் முழங்காலில் விழுந்து, கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார், பாதியில் கை நின்றுவிட்டது. “சூப்பர், ஓகே” என்றார் இயக்குநர். கைதட்டினார்கள். டில்லி அரிவாளை ஓங்கிய நிலையிலேயே நின்றார். கட் என்று சொல்லும் வரை அப்படியே நிற்க வேண்டும், அவர் அதில் கவனமானவர்.

முதலில் புரிந்துகொண்டது டில்லிதான். அரிவாளின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். அவர் விரலிலும் வெட்டு விழுந்தது. “டேய் கோதண்டா” என்றார். இன்னொரு முறையும் அதையே சொன்னார். மாஸ்டர் துண்டை வைத்து அழுத்த, துண்டு ஊறிச் சொட்டியது. ஆஸ்பத்திரி பதினான்கு கிலோமீட்டர். வேனில் ஏற்றும்போது நான் காலைப் பிடித்துக்கொண்டேன். வழியிலேயே முடிந்துவிட்டது என்று 12.20க்குப் போன் வந்தது.

வீட்டுக்கு வந்து சுடிதாரை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன். கையைக் கழுவ சோப்பே போதுமாக இருந்தது. பெயின்ட் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டில்லியை விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்.

காலை ஒன்பது மணிக்கு ஞானசேகர் வந்தார். எஃகு அரிவாள் போலீஸிடம் இருக்கிறது. நேற்று ஈயப்பிடி ரப்பர் இரண்டையும் போலீஸ் வருவதற்கு முன்பே எங்கள் பட்டறை வேனில் ஏற்றிவிட்டார்கள். இப்போது ரப்பரையும் கேட்கிறார்கள்.

“வெறும் பிடி ரெண்டு முதல்ல செஞ்சியே, இருக்கா?”

மூலையில் இருந்தது.

“அதைக் குடு.”

“அது படத்துல பயன்படுத்தினது இல்ல சார்.”

“அவங்க ரப்பர் கேட்டாங்க. ரப்பர் குடுக்கறோம். கனத்தைப் பத்தி யாரும் கேக்கல, நீயும் ஆரம்பிக்காத. படம் நின்னா நானூறு பேர் நிப்பாங்க. உன் அட்டையும் நிக்கும்.”

செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

பட்டறையைச் சுத்தம் செய்தேன். ஒட்டடை அடித்தேன். பழைய ரப்பர் சாமான்களை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து மூன்று மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். இரண்டு கருவேலம் பிடிகளை அடுப்பில் வைத்தேன். ஈயத்தைத் தனியாகச் சட்டியில் உருக்கி வைத்திருக்கிறேன். ரப்பர் அலகு வார்த்த அச்சை உடைக்க மனம் வரவில்லை, துணி போட்டு மூடினேன்.

கரண்ட் பில் கட்டினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

செய்தித்தாளில் முன்விரோதம் என்று போட்டிருக்கிறது. இன்ஸ்பெக்டர் சொன்னதாக ஒரு பத்தி: ‘ரப்பர் ஆயுதம் நானூறு கிராம், உலோக ஆயுதம் ஒரு கிலோவுக்கு மேல். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்குக் கையில் எடுத்ததுமே தெரிந்திருக்கும். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு கொலை மிரட்டலும் விடுத்திருக்கிறார்.’ கொலை வழக்காக மாற்றப் போகிறார்கள். சண்டைக்காரர்கள் சங்கம் டில்லியின் உறுப்பினர் அட்டையை நிறுத்திவிட்டது.

கோதண்டனின் அடக்கத்துக்குப் போனேன். டில்லியின் தம்பி மாலையோடு வந்தார். தெருமுனையிலேயே பிடித்து, மாலையைக் கழுத்தில் முறுக்கித் தரையில் தள்ளி மிதித்தார்கள். எழுந்தபோது வாயிலிருந்து பல்லைத் துப்பினார். கோதண்டனின் அம்மா ஞானசேகரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வீசினார். அது என் தோளில் பட்டது. அவர் என்னைக் குறிவைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

டில்லியின் மனைவி சாந்தகுமாரி பட்டறைக்கு வந்தார். நாலு நாளாக ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம். இன்னும் கைது என்று காட்டவில்லை. மதியம் சாப்பாடு கொடுக்க மட்டும் உள்ளே விடுகிறார்கள். நேற்று உள்ளங்கால்களில் லத்தியால் அடித்திருக்கிறார்கள், சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறார் என்றார். வேண்டுமென்றே எடுத்தேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களாம்.

“அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாரு. ரெண்டும் ஒரே கனம், எஸ்தரம்மாவக் கேளுங்கன்னு. அவங்க ஒரு ரப்பரக் கையில குடுத்து, இதாடா கனம், இதாடான்னு கேட்டு அடிக்கறாங்க. நீ வந்து சொல்லும்மா. உனக்குத் தெரியும்னாரு.”

பார்க்கிறேன் என்றேன். டீ போட்டேன். சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. அவர் அப்படியே குடித்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை.

ஐந்தாம் தேதி எழுதியதில் ஒரு வரி பொய். நான் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கவில்லை. மானிட்டருக்குப் பின்னால் நின்று, எடுத்து முடித்த முகக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பில் வெளிச்சம் கோடாக ஓடியது. மூன்று முறை போடச் சொன்னேன். அந்தப் பதின்மூன்று நிமிடமும் எஃகு பாயில் கிடந்தது.

ஜூலை 10 அன்று டில்லி சொன்னதும் எனக்கு நன்றாகக் கேட்டது. போன் அதற்குப் பிறகுதான் வந்தது. “நல்லாருக்கும்மா, ஆனா அவசரத்துல எடுத்தா எது எதுன்னு கைக்குத் தெரியாதே. மாஸ்டர் கைல சொல்லிட்டியா?” சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் மாஸ்டர் ஈயத்தை எடுக்கச் சொல்லியிருப்பார்.

போலீஸிடம் இருக்கும் ரப்பர் நான் கொடுத்தது. உண்மையானவற்றை நானே அறுத்துவிட்டேன். வெறும் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? அச்சு இருக்கிறது, ஈயம் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ரப்பரை ஊற்றினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரப்பர் இன்னும் ஈரம். புதுக் கருவேலம் பிடியைக் குடைந்து ஈயம் ஊற்றினேன். முதலில் எண்ணூற்றுப் பதினைந்து வந்தது. சுரண்டி எண்ணூறுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அச்சிலிருந்து எடுத்தேன். வளைவில் ஒரு குமிழ் இருந்தது, அடைத்துத் தேய்த்தேன். வெள்ளி நிறம் ஒரு பூச்சு. சாயங்காலம் துரு நிறம் இரண்டு பூச்சு, இடையில் ஒன்றரை மணி நேரம். அசலில் பிடிக்கு அருகே இருந்த துரு வரிக்குப் பழுப்போடு கொஞ்சம் ஆரஞ்சு சேர்க்க வேண்டியிருந்தது. நன்றாக வந்திருக்கிறது. நாளை காலைக்குள் காய்ந்துவிடும்.

ஆகஸ்ட் 14, புதன்

ஸ்டேஷனுக்குக் காலை பத்து மணிக்குப் போனேன். ஹேமலதா தன் உறவினரான ஒரு வழக்கறிஞரை உடன் அனுப்பியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் முதலில் உட்காரச் சொல்லவில்லை. வழக்குச் சொத்தாக இருந்த எஃகைக் கொண்டுவரச் சொன்னேன். விளிம்பில் துணி சுற்றி, அதையும் என் ரப்பரையும் மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு கண்ணை மூடினார். இரண்டையும் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி எடுத்தார். “இதுதான் இரும்பு” என்று சொன்னது ரப்பர். ஒரு ஏட்டைக் கூப்பிட்டார். அவரும் ரப்பரையே சொன்னார். அடுத்து வந்த பெண் காவலர் சரியாகச் சொன்னார், ஆனால் எப்படி என்று கேட்டதற்குக் குத்துமதிப்பு என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், டேப், சாணை, பதின்மூன்று நிமிடம், ஞானசேகர், அறுத்த மூட்டைகள், பீடி. ஐந்து பக்கம் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.

இன்ஸ்பெக்டர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன சொன்னாலும் வேலை சுத்தமா இருக்கும்மா. அந்தத் துரு பெயின்ட்டா?”

ஆமாம் என்றேன். அந்த நொடியில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 17, சனி

கவனக்குறைவால் மரணம், தடயத்தை அழித்தது என்று என் மேலும் ஞானசேகர் மேலும் வழக்கு. எனக்கு நேற்று ஜாமீன் கிடைத்தது. டில்லியை வியாழக்கிழமையே விட்டுவிட்டார்கள். படம் நிற்கவில்லை. அரிவாளை மாற்றிவிட்டார்களாம், ஹைதராபாத்தில் செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அரசு மருத்துவமனையில் டில்லியைப் பார்த்தேன். எலும்புப் பிரிவு, இரண்டாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. வலது கையில் நடு மூன்று விரல்களுக்கும் கட்டு. மேசைக்குக் கீழே வைத்துப் பூட்ஸால் மிதித்ததாகச் சாந்தகுமாரி சொன்னார். இரண்டு விரல் ஒட்டினாலும் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மடங்காத விரலோடு எதையும் பிடித்து வீச முடியாது.

டில்லிதான் பேச ஆரம்பித்தார்.

“புதுசா பொம்மை செஞ்சு எட்துனு வந்தியாமே.”

“ஆமாண்ணா. பழசு ரெண்டையும் அறுத்துட்டேன். கையில காட்டாம சொன்னா நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“செய்ய எத்தினி நாள் ஆச்சு?”

மூன்று நாள் என்றேன்.

“வாயால வந்து சொல்லியிருக்கலாமேம்மா. வந்து, நான்தான் ஈயம் ஊத்தினேன்னு ஒரு வார்த்த. நம்பறாங்களோ இல்லியோ, அடிக்கறத அன்னிக்கு நிறுத்தியிருப்பாங்க.”

விரல் எப்போது உடைந்தது என்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம். சாந்தகுமாரிதான் சொன்னார். “போன செவ்வாக்கெயம. மத்தியானம் சோறு குடுக்க சொல்ல கை நல்லாத்தான் இருந்துச்சு. அவரே பெசஞ்சு துன்னாரு. சாயங்காலம்தான்.”

அறையில் ஆறு கட்டில்கள். பக்கத்துக் கட்டில்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாந்தகுமாரி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கீழே போனார்.

டில்லி இடது கையை நீட்டி மேசையிலிருந்த தண்ணீர்த் தம்ளரை எடுக்கப் பார்த்தார். எட்டவில்லை. நான் எடுத்து அவர் வாய் அருகே கொண்டுபோனேன். அவர் உதட்டை மூடிக்கொண்டு, அதே கையால் தம்ளரை மெதுவாக ஒதுக்கினார்.

“வெச்சிரும்மா. அவ வரட்டும்.”

வைத்தேன். சாந்தகுமாரி வர ஒன்பது நிமிடம் ஆனது. அதுவரை அவர் தம்ளரைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.